பத்து ரூபாய் கொடுப்போம்... பக்கத்தில் இடம் கொடுப்போமா?

தி.நகர் கடைக்காரர்களுக்கு அது பழகிப்போன காட்சி. ஷட்டரைத் தூக்கி, சாமி படத்துக்கு ஊதுபத்தி ஏற்றி, கல்லாவைத் திறக்கிற நேரத்தில் இரண்டு திருநங்கைகள் வாசலில் வந்து நிற்பார்கள். ஒரு கைதட்டல். போனில் பேசிக்கொண்டிருக்கும் கடைக்காரர் பேச்சை நிறுத்தாமலே பத்து ரூபாயை நீட்டுவார். வாங்கியவர் அவர் தலைக்கு நேரே கையை உயர்த்தி வாழ்த்திவிட்டு அடுத்த கடைக்கு நகர்வார். 'கடை கேட்பது' என்று திருநங்கைகள் சொல்லும் இந்தப் பிழைப்பு உஸ்மான் ரோட்டிலும் பாண்டி பஜாரிலும் பல காலமாக நடக்கிறது. கொடுப்பவர்களில் பெரும்பாலோர் மனம் கோணாமல்தான் கொடுக்கிறார்கள். புதிதாகக் கடை திறப்பவர்கள் கூப்பிட்டு ஆசி வாங்குவதும் உண்டு.

அதே திருநங்கை நாளை வந்து, "அண்ணே, பத்து ரூபாய் வேண்டாம். பில் போடுற வேலை இருந்தா கொடுங்க" என்று கேட்டால் என்ன ஆகும்? கடைக்காரர் போனைக் கீழே வைத்துவிட்டு யோசிக்க ஆரம்பிப்பார். கஸ்டமர் என்ன நினைப்பார்? மற்ற பெண் பிள்ளைகள் சேர்ந்து வேலை பார்ப்பார்களா? எந்த பாத்ரூமுக்கு அனுப்புவது? எந்த ஹாஸ்டலில் தங்கவைப்பது? தி.நகரின் பெரிய ஜவுளிக்கடைகளில் வேலை பார்ப்பவர்களில் ஏராளமானோர் தென்மாவட்டங்களிலிருந்து வந்து, கடை முதலாளி ஏற்பாடு செய்த விடுதியில் தங்குபவர்கள். ஆண்களுக்கு ஒரு விடுதி, பெண்களுக்கு ஒரு விடுதி. திருநங்கைக்கும் திருநம்பிக்கும் அங்கே கட்டில் கிடையாது. கட்டில் இல்லாததால் வேலையும் கிடையாது.

இந்த ஊரின் இரக்கத்துக்குக் குறைவில்லை. அது வாசற்படியோடு நின்றுவிடுகிறது என்பதுதான் என் ஆதங்கம். காசு கொடுக்கிறோம், பென்ஷன் கொடுக்கிறோம், மேடையேற்றி விருதும் கொடுக்கிறோம். பக்கத்து சீட், பக்கத்து மேசை, பக்கத்து வீடு என்று வரும்போது மட்டும் கை சுருங்குகிறது.

அரசு செய்தவற்றைக் குறைத்துச் சொல்வதற்கில்லை. இந்தியாவிலேயே முதல்முறையாக திருநங்கைகளுக்கென நலவாரியம் அமைத்தது தமிழ்நாடு, 2008 ஏப்ரல் 15-ல். 2011 முதல் அந்த நாளே திருநங்கையர் தினமாகக் கொண்டாடப்படுகிறது. 2014-ல் அதே ஏப்ரல் 15 அன்று, 'நால்சா' (தேசிய சட்டப் பணிகள் ஆணையம்) வழக்கில் நீதிபதிகள் கே.எஸ்.ராதாகிருஷ்ணனும் ஏ.கே.சிக்ரியும், ஒருவர் தன் பாலினத்தைத் தானே அறிந்து சொல்வது அரசியலமைப்பு தந்த உரிமை என்று தீர்ப்பளித்தார்கள். அரசு மருத்துவமனைகளில் பாலின மாற்று அறுவை சிகிச்சை இலவசம். 2021 முதல் சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் பயணம் இலவசம். உயர்கல்விச் செலவு முழுவதையும் அரசே ஏற்கும் என்று 2024 பட்ஜெட் அறிவித்தது. 2025 ஜூலையில் திருநங்கைகள், திருநம்பிகள் உள்ளிட்ட திருநருக்கான மாநிலக் கொள்கையே வெளிவந்துவிட்டது. நீதிமன்றம் போய்ப் போராடி சப்-இன்ஸ்பெக்டர் ஆன பிரித்திகா யாஷினி, 2018-ல் வழக்கறிஞராகப் பதிவுசெய்த சத்யஸ்ரீ ஷர்மிளா, 2022-ல் வேலூர் மாநகராட்சிக் கவுன்சிலராக வென்ற கங்கா என்று பெருமையோடு சொல்லப் பெயர்களும் இருக்கின்றன.

ஆனால், இலவச டிக்கெட்டோடு பஸ் ஏறும் திருநங்கையின் பக்கத்து சீட்டைப் பாருங்கள். பெசன்ட் நகர் போகும் 29சி-யில், அடையாறு சிக்னலில் பிதுங்கி வழியும் கூட்டத்திலும் அந்த ஒரு சீட் காலியாகவே வருவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். கைக்குழந்தையோடு நிற்கிற பெண்கூட உட்கார யோசிக்கிறார். ஜன்னல் பக்கம் இருப்பவர் அதைக் கவனிக்காதது மாதிரி வெளியே பார்த்துக்கொண்டு வருகிறார். டிக்கெட்டை இலவசமாக்க அரசாணை போதும். அந்த சீட்டில் உட்கார வேண்டியது நாம்தான்.

தயக்கத்தின் அடியில் இருப்பது பெரும்பாலும் புரியாமை. அதை முதலில் பேசிவிடலாம்.

குழந்தை பிறந்ததும் உடலைப் பார்த்து ஆண், பெண் என்று எழுதிவிடுகிறோம். பெரும்பாலானவர்களுக்கு வளர வளர மனமும் அதையே சொல்வதால், பாலினம் என்று ஒன்றைப் பற்றி யோசிக்கிற அவசியமே வருவதில்லை. சிலருக்கு மனம் வேறொன்றைச் சொல்கிறது. ஆண் என்று எழுதப்பட்ட குழந்தை, தான் பெண் என்று அறிகிறது; அவர் திருநங்கை. பெண் என்று எழுதப்பட்டவர் தன்னை ஆணாக உணர்ந்தால் திருநம்பி. இரண்டிலும் அடங்காதவர்களாகத் தங்களை உணர்பவர்களும் உண்டு. இப்படித் தன்னைப் பற்றித் தனக்குள் இருக்கும் அறிதல்தான் பாலின அடையாளம். யார்மீது காதல் வருகிறது என்பது முற்றிலும் வேறு விஷயம். பிறக்கும்போதே உடற்கூறு ஆண், பெண் என்ற வழக்கமான இரண்டு வகைக்குள் வராத இடைபாலினக் குழந்தைகளின் நிலை இன்னொரு விஷயம். அந்தக் குழந்தைகளுக்கு அவசரப்பட்டு அறுவை சிகிச்சை செய்து 'சரிசெய்வதை', நீதிபதி ஜி.ஆர்.சுவாமிநாதன் 2019-ல் அளித்த தீர்ப்பையொட்டி, உயிருக்கு ஆபத்தான சூழல் தவிர மற்ற நேரங்களில் தமிழ்நாடு அரசு தடைசெய்தது.

இது நோயா? இல்லை. உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில் முன்பு மனநலக் கோளாறுகளின் கீழ் இருந்ததை, 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த 11-வது பதிப்பில் அங்கிருந்து எடுத்துவிட்டார்கள். சகவாச தோஷமா, சினிமா பார்த்து வந்ததா? அதுவும் இல்லை. இடது கையால் எழுதும் பிள்ளைகளை அடித்து அடித்து வலது கைக்கு மாற்றிய காலம் ஒன்று இருந்தது. பிள்ளைகள் பயந்துபோய் வலது கையால் எழுதினார்கள். ஆனாலும் இடதுகைக்காரர்களாகவேதான் இருந்தார்கள். அடியாலும் மந்திரிப்பதாலும் மாத்திரையாலும் பாலினத்தை மாற்ற முயலும் வீடுகளிலும் இதேதான் நடக்கிறது. பிள்ளை மாறுவதில்லை. நடிக்கக் கற்றுக்கொள்கிறது, இல்லையென்றால் வீட்டை விட்டுப் போய்விடுகிறது.

அப்படிப் போகிறவர்கள் பெரும்பாலும் எட்டாவது, ஒன்பதாவது படிக்கிற வயதில் போகிறார்கள். வகுப்பில் கேலி, பாத்ரூமில் சீண்டல், வீட்டில் அடி. ஒருநாள் சொல்லாமல் ரயிலேறி சென்னை வந்து சேர்கிற பிள்ளையை 'வா மகளே' என்று ஏற்றுக்கொள்வது ஜமாத். மூத்த திருநங்கை அம்மா ஆகிறார். அவருடைய அம்மா இந்தப் பிள்ளைக்குப் பாட்டி. பெற்ற வீடு துரத்தியவளுக்குச் சோறும் பெயரும் உறவும் கொடுத்தது அந்த வீடுதான். அதற்கும் கட்டுப்பாடுகள் உண்டு, கணக்கு வழக்குகள் உண்டு. எல்லாம் இனிப்பாக இருந்தது என்று அங்கே வளர்ந்தவர்களே சொல்வதில்லை. ரேவதியின் 'உணர்வும் உருவமும்', லிவிங் ஸ்மைல் வித்யாவின் 'நான், வித்யா' இரண்டையும் படித்தவர்களுக்கு இது தெரியும். ரத்த உறவு இல்லாமல் தாமாகத் தேர்ந்துகொள்கிற குடும்பமும் குடும்பமே என்று சென்னை உயர் நீதிமன்றம் 2025 மே மாதம் சொன்னது. அந்தத் தீர்ப்பு வந்தது பெண்ணை நேசித்த ஒரு பெண்ணின் வழக்கில். திருநங்கைகள் அதைப் பல தலைமுறைகளாக வாழ்ந்து காட்டிவிட்டார்கள்.

திருநம்பிகளுக்கு அந்த ஜமாத்தும் இல்லை. பெண்பிள்ளை என்று வளர்க்கப்படுவதால் இரவில் ரயிலேறுவதுகூட அவர்களுக்கு எளிதல்ல. வீட்டிலேயே பூட்டிவைத்து, கல்யாணம் செய்துவைத்தால் சரியாகிவிடும் என்று நம்புகிற குடும்பங்கள் இன்றும் இருக்கின்றன. நம் பார்வையிலேயே அவர்கள் இல்லாமல் போனதற்கு ஒரு வரலாற்றுக் காரணமும் இருக்கிறது என்பது என் கணிப்பு. அந்த வரலாறு தொடங்கும் இடம் அடையாறு பக்கம்.

1986-ல் டாக்டர் சுனிதி சாலமன் குழுவினர் நாட்டின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகளைச் சென்னையில் கண்டறிந்தார்கள். தொண்ணூறுகளில் அடையாறை ஒட்டிய தரமணியில், வி.எச்.எஸ். மருத்துவமனையில் இருந்து 'அபாக்' என்ற எய்ட்ஸ் தடுப்புத் திட்டம் செயல்பட்டது. 1998-ல் சுனில் மேனன் தொடங்கிய 'சகோதரன்' போன்ற அமைப்புகள் மூலம் திருநங்கைகள் முதன்முறையாக ஓர் அறையில் உட்கார்ந்து தங்கள் கதையைப் பேசினார்கள். அதிகாரிகளும் உட்கார்ந்து கேட்டார்கள். பின்னால் வந்த நலவாரியத்துக்கும் ரேஷன் கார்டுக்கும் வழிபோட்டதில் அந்த அறைகளுக்குப் பங்கு உண்டு. ஆனால், அவர்களுக்கு முதலில் திறந்த கதவு நோய்த்தடுப்பின் கதவாகிப்போனது. ஆணுறையும் ரத்தப் பரிசோதனையும்தான் அரசு அவர்களோடு பேசிய முதல் வார்த்தைகள். அந்தத் திட்டங்களின் கணக்கில் வராத திருநம்பிகள் நம் பேச்சிலும் வராமலே போனார்கள். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 22,364 பேர் 'மற்றவர்' என்று பதிவானார்கள். அதில் வீட்டுக்குள் பூட்டப்பட்டவர்கள் எத்தனை பேர் இருந்திருக்க முடியும்?

மருத்துவமனை என்றதும் ஒரு விஷயம். ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையில் திருநருக்கென்றே சிறப்புப் பிரிவு இருக்கிறது. காய்ச்சலுக்கும் பல்வலிக்கும் அங்கேயே போக முடியாதே! வீட்டுக்குப் பக்கத்துக் கிளினிக்குக்குத்தான் போயாக வேண்டும். காத்திருப்போர் பெஞ்சில் இருபது பேர். நர்ஸ் கதவைத் திறந்து கார்டில் இருக்கும் பழைய பெயரை உரக்கக் கூப்பிடுகிறார். ஓர் ஆண் பெயர். எழுந்து நிற்பவர் சேலை கட்டியவர். நர்ஸ் கார்டைப் பார்க்கிறார், ஆளைப் பார்க்கிறார், மறுபடி கூப்பிடுகிறார். பெஞ்ச் முழுக்கத் திரும்பிப் பார்க்கிறது. சிலர் அந்த நிமிடமே வெளியே போய்விடுகிறார்கள். மெடிக்கல் ஷாப்பில் மாத்திரை வாங்கி விழுங்கிக்கொள்கிறார்கள். இதைத் தவிர்க்கக் கோடி ரூபாய்த் திட்டம் எதுவும் வேண்டாம். டோக்கன் நம்பரைச் சொல்லிக் கூப்பிட்டால் போதும். உள்ளே வந்ததும், "உங்களை எப்படிக் கூப்பிடட்டும்?" என்று டாக்டர் ஒரு வார்த்தை கேட்டால் போதும்.

இந்த ஒரு வார்த்தையைக் கேட்கத் தெரிந்த நீதிபதி ஒருவரையும் இந்த ஊர் பார்த்திருக்கிறது. 2021-ல், ஒருவரையொருவர் நேசித்து, பெற்றோருக்குப் பயந்து மதுரையிலிருந்து சென்னைக்கு வந்த இரண்டு பெண்களின் வழக்கு நீதிபதி என்.ஆனந்த் வெங்கடேஷிடம் வந்தது. இந்த விஷயத்தில் தனக்கே தெளிவு போதாது என்று வெளிப்படையாகச் சொன்னார் அவர். உளவியல் நிபுணரிடம் நேரம் கேட்டு, மாணவரைப் போல உட்கார்ந்து தெரிந்துகொண்டார். அதற்குப் பிறகே, அந்த ஆண்டு ஜூன் 7-ம் தேதி உத்தரவு எழுதினார். 'மாற்றுகிறேன்' என்று சொல்லிச் செய்யும் சிகிச்சைகளுக்குத் தடை, போலீஸுக்கும் ஆசிரியர்களுக்கும் நீதித்துறையினருக்கும் பயிற்சி, மருத்துவப் பாடத்தில் திருத்தம் எனப் பல விஷயங்கள் அந்த வழக்கிலிருந்து கிளைத்தன. தெரியாது என்று ஒப்புக்கொண்டு கற்கத் தொடங்கிய அந்தத் துணிவை நான் பெரிதும் மதிக்கிறேன். நீதிபதிக்கே அது இழுக்கில்லை என்றால் நமக்கென்ன?

அந்த வழக்கின் இன்னொரு விளைவு, காவல்துறை நடத்தை விதிகளில் 2022-ல் சேர்ந்த 24-சி. திருநர் உள்ளிட்ட பாலின, பாலீர்ப்புச் சிறுபான்மையினரைப் போலீஸார் துன்புறுத்துவது நடத்தை விதிமீறல் என்று அது சொல்கிறது. இதன் அருமை புரிய வேண்டுமானால் மறுபடி தி.நகருக்கு வர வேண்டும். 2016 நவம்பரில், பாண்டி பஜார் காவல் நிலையத்தின் முன்பு ஒரு திருநங்கை உடல் கருகி, பிறகு மருத்துவமனையில் இறந்துபோனார். தானே தீவைத்துக்கொண்டார் என்றது போலீஸ். அவமதிப்பும் தொந்தரவும்தான் அவரை அந்த முடிவுக்குத் தள்ளின என்று தோழிகள் தெருவில் இறங்கிப் போராடினார்கள். தீபாவளி ஷாப்பிங் முடிந்து இரண்டு வாரம்கூட ஆகியிருக்கவில்லை. நாம் பட்டுப்புடவை வாங்கிய அதே சாலைதான்.

மயிலாப்பூர் இவர்களைக் கொண்டாடியிருக்கிறதே என்று சிலர் கேட்கலாம். உண்மைதான். மதுரையில் பிறந்து, வீட்டை விட்டு வெளியேறி, தஞ்சாவூரில் கே.பி.கிட்டப்பா பிள்ளையிடம் ஆண்டுக்கணக்கில் குருகுலமாகப் பரதம் பயின்றவர் நர்த்தகி நடராஜ். அந்தப் பெயரே குரு வைத்ததுதான். சங்கீத நாடக அகாடமி விருது, 2019-ல் பத்மஸ்ரீ, பிறகு மாநில வளர்ச்சிக் கொள்கைக் குழுவில் உறுப்பினர் பதவி, மியூசிக் அகாடமியின் நிருத்ய கலாநிதி என்று எல்லாம் அவர் உழைப்புக்குத் தேடி வந்தன. மார்கழியில் அவருடைய நாயகி பாவத்துக்கு மயிலாப்பூர் ரசிகர்கள் உருகுகிறார்கள். உருக வேண்டியதுதான், அசாத்தியமான கலைஞர். ஆனால், பத்மஸ்ரீ வாங்கினால்தான் மரியாதை என்பது எந்தச் சமூகத்துக்கும் நியாயமான நிபந்தனை அல்ல. சுமாராகப் படித்து, சுமாராகச் சம்பாதித்து, சாயங்காலம் தண்ணித்துறை மார்க்கெட்டில் கத்திரிக்காய்க்குப் பேரம் பேசுகிற சாதாரணத் திருநங்கையாக இந்த ஊரில் வாழ முடிய வேண்டும். உலகத்தில் மற்ற எல்லாரும் அப்படிச் சாதாரணமாகத்தானே வாழ்கிறோம்?

அந்தச் சாதாரண வாழ்க்கைக்கு முதலில் வேண்டியது வேலை. திருநர் உரிமைச் செயல்பாட்டாளர் கிரேஸ் பானு போன்றவர்கள் வருடக்கணக்காகக் கேட்பது, எந்தச் சாதியில் பிறந்தாலும் அந்தந்தப் பிரிவுக்குள் திருநருக்குத் தனி ஒதுக்கீடு. 2015-ல் தமிழ்நாடு இவர்களை மிகவும் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் சேர்த்தது. தலித்தாகப் பிறந்த திருநங்கைக்கு அதனால் என்ன பயன் என்ற அவர்களின் கேள்வியில் முழு நியாயம் இருக்கிறது. கர்நாடகம் 2021-லேயே 1 சதவீத உள் ஒதுக்கீடு கொடுத்துவிட்டது. எல்லாவற்றிலும் முன்னால் நின்ற நாம் இதில் பின்தங்கியிருக்கக் கூடாது.

தனியார் நிறுவனங்களுக்கும் சட்டத்தில் கடமை இருக்கிறது. 2019-ம் ஆண்டின் திருநர் பாதுகாப்புச் சட்டப்படி ஒவ்வொரு நிறுவனத்திலும் புகார் அலுவலர் ஒருவர் இருந்தாக வேண்டும். 2020 விதிகள் எல்லாப் பாலினரும் பயன்படுத்தும் கழிவறையைப் பற்றியும் பேசுகின்றன. பாத்ரூம் பிரச்சினையைச் சொல்லி வேலை மறுக்கும் முதலாளிகளுக்கு ஒன்று சொல்ல வேண்டும்: உள்ளே தாழ்ப்பாள் போடக்கூடிய ஒரு தனி அறை, கதவில் 'கழிவறை' என்று மட்டும் ஒரு பலகை. நம் வீடுகளில் இருப்பதும் அதுதானே! ஜவுளிக்கடை டிரையல் ரூமுக்கும் அதே கதைதான். பள்ளிக்கூடத்திலும் அப்படி ஒரு கழிவறை இருந்துவிட்டால், காலையிலிருந்து தண்ணீர்கூடக் குடிக்காமல் சாயங்காலம் வரை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் ஒரு பிள்ளை படிப்பை விடாமல் இருக்கும்.

அலுவலகத்தில் சேர்ந்த பிறகு கூட வேலை பார்ப்பவர்கள் செய்ய வேண்டியது சொற்பம். சொன்ன பெயரில் கூப்பிடுங்கள். பழைய பெயர் என்ன, ஆபரேஷன் ஆகிவிட்டதா என்று கேட்காதீர்கள். வேறு யாரிடமும் உடம்பைப் பற்றி இப்படிக் கேட்க மாட்டீர்கள். தவறாகச் சொல்லிவிட்டால் ஒரு 'சாரி' போதும், நீண்ட விளக்கம் வேண்டாம். அவர் இல்லாத நேரத்தில் யாராவது சிரிப்புக்காகக் கைதட்டிக் காட்டினால், "வேண்டாம்பா" என்று ஒருவராவது சொல்லுங்கள். தமிழ் சினிமா எத்தனையோ ஆண்டுகள் நமக்குப் பழக்கிவிட்ட சிரிப்பு அது. அதை விட்டொழிக்க வேண்டியது நம் பொறுப்பு.

வேலை கிடைத்தாலும் வீடு கிடைக்காவிட்டால் அது நிலைக்காது என்பதைக் கொச்சி காட்டியது. 2017-ல் கொச்சி மெட்ரோ இருபதுக்கும் மேற்பட்ட திருநரை வேலைக்கு எடுத்ததை நாடே பாராட்டியது. ஒரே வாரத்தில் 8 பேர் நின்றுவிட்டார்கள். தங்க இடம் தர ஆள் இல்லை; லாட்ஜில் அன்றாடம் கொடுத்த வாடகைக்குச் சம்பளம் கட்டுபடியாகவில்லை.

மந்தைவெளியிலும் அடையாறு காந்தி நகரிலும் 'டூ-லெட்' போர்டு பார்த்து போன் செய்கிற திருநங்கைக்கு நடப்பதும் ஏறக்குறைய இதுதான். போனில் எல்லாம் சரியாக இருக்கும். நேரில் போனதும், "இப்பத்தான்மா அட்வான்ஸ் கொடுத்துட்டுப் போனாங்க." போர்டு மட்டும் அடுத்த வாரமும் தொங்கும். கொடுக்கிற சிலரும் வாடகையைக் கூட்டிக் கேட்பார்கள். "ஆளுங்க வரப்போக இருக்கக் கூடாது" என்பார்கள். அப்படியே குடிவந்துவிட்டால் அடுக்குமாடிச் சங்கத்து வாட்ஸ்அப் குழுவில் புகைச்சல் ஆரம்பிக்கும். கடைசியில் ஊருக்கு வெளியே போய்த் தங்குகிறார்கள். அங்கிருந்து வேலைக்கு வர இரண்டு மணி நேரம். பிறகு, 'இவர்கள் வேலைக்கு ஒழுங்காக வருவதில்லை' என்று நாமே பேசுகிறோம்.

வீட்டுச் சொந்தக்காரர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். அந்த 2019 சட்டத்தின் 3-வது பிரிவு, திருநர் என்ற காரணத்துக்காக வாடகைக்கு வீடு மறுப்பதையும் குடியிருப்பவரைக் காலிசெய்ய வைப்பதையும் வெளிப்படையாகத் தடைசெய்கிறது. வேலைச் சான்றிதழ் கேளுங்கள், ஆதார் கேளுங்கள், வாடகை ஒழுங்காக வருமா என்று விசாரியுங்கள். எல்லாக் குடித்தனக்காரரிடமும் கேட்பதை இவரிடமும் கேளுங்கள். எல்லாம் சரியாக இருந்தால் சாவியைக் கொடுங்கள். உங்கள் தெருவில் முதல் ஆளாகக் கொடுங்கள். பக்கத்து வீட்டுக்காரருக்கு அடுத்தமுறை அவ்வளவு தயக்கம் இருக்காது.